மங்கக்கூடாத வெளிச்சம்

ஜூன் 9
காலையிலிருந்து சாரல். கணவாய்க் காற்றுக்கு லேப் ஜன்னல் கொக்கி நிற்கவில்லை. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஒரு ஃப்ளாப்பி திறக்க மறுக்கிறது.

வெள்ளிக்கிழமை என் ஆராய்ச்சி வழிகாட்டி சார் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் புறப்படுகிறார். அதற்கான கிராஃப் படங்கள் என் வேலை. நாங்கள் ஆராயும் கேலக்சியின் நடுவே ஒரு கருந்துளை. அதில் விழப்போகும் வாயு கொதித்து எக்ஸ்-ரே வீசுகிறது. செயற்கைக்கோள் பல வருடமாக அளந்ததில், அந்த வெளிச்சம் இறங்கிக்கொண்டே வருகிறது.

“இரை தீந்துபோச்சுங்க அம்மணி. நம்ம கண்ணு முன்னால அணையுது.” சார் இதைச் சொல்லாத நாளில்லை. என் பிஎச்.டி. முழுக்க இந்தச் சரிவுதான்.

தக்காளி, சட்டைப் பொத்தான் வாங்க மறந்தாச்சு.

ஜூன் 10
வெறும் காற்று. தென்னை மட்டை விழுந்து யாருடைய சைக்கிளோ நசுங்கியது.

ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று, அதே செயற்கைக்கோள் அளந்த ஒரு கேலக்சிக் கூட்டத்தையும் அதே கணக்கில் ஓட்டினேன். ஒளி குறுக்கே கடக்கவே லட்சக்கணக்கான வருடம் ஆகும், அவ்வளவு பெரியது. சில வருடத்தில் மங்க வழியே இல்லை.

மங்கியிருக்கிறது. அதே சரிவு.

மறுபடி ஓட்டினேன். அதே.

அப்படியானால் அணைவது கேலக்சி அல்ல. மேலே சுற்றும் கருவியின் கண்.

சாரிடம் காட்ட அச்செடுத்துக்கொண்டேன்.

ஜூன் 11
சாரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“இதை யாரு பாக்கச் சொன்னதுங்க?”

“நானாத்தானுங்க சார்.”

“வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“இல்லீங்க.”

“அந்தக் கூட்டத்து டேட்டாவுல ஏதோ கோளாறு. அத எடுத்துப்போட்டு மத்த படத்தக் குடுங்க. பொறப்படற நேரத்துல எதுக்குங்க இதெல்லாம்?”

“அங்க இந்தச் சரிவப் பத்திப் பேசாதீங்க சார். யாராச்சும் கேட்டுருவாங்க.”

சிரித்தார். இதற்கு முன் பார்த்திராத சிரிப்பு. படங்களைக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். கை கழுவிக்கொண்டே கேட்டார். “வாய மூடிட்டு இரு கண்ணு. தீசிஸ்ல கையெழுத்து அவரு கையில.”

ஜூன் 17
சாரிடமிருந்து தகவல் இல்லை. துறையில் போன் அடித்தால் நானே ஓடிப்போய் எடுக்கிறேன். இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூன் 19
லேபில் கூட ஆராய்ச்சி செய்யும் சுகுணா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: “அங்க யாரோ எந்திரிச்சு, ‘கேலக்சிக் கூட்டத்தையும் இதே மாதிரி போட்டுக் காட்டுங்க’ன்னு கேட்டாங்களாம். சாரு படத்த மூடிவெச்சுட்டு மேடைய விட்டு எறங்கிட்டாராம். ஏனுங்க்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

தெரியாது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 23
சார் வந்துவிட்டார். இளைத்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

“இங்கிருந்து சேதி போகாம, கேள்வி கேட்டவனுக்கு எப்பிடிங்க தெரியும்?”

“அவங்களும் அதே டேட்டாவத்தான சார் பாக்கறாங்க?”

“யாருகிட்டயும் மூச்சு விடலீன்னு சொல்லுங்க, பாக்கலாம்.”

வீட்டுக்காரரிடம் சொன்னது ஞாபகம் வந்தது. மோட்டார் பட்டறைக்காரர் யாருக்குப் போய்ச் சொல்லப்போகிறார்! ஆனாலும் ஒரு நொடி தயங்கினேன். அது போதுமாயிருந்தது அவருக்கு.

“போங்க” என்றார்.

ஜூன் 24
நல்ல மழை. லேபில் நான் மட்டும். கேலக்சியின் கணக்கைக் கூட்டத்தின் கணக்கால் வகுத்துப் பார்த்தேன். கருவியின் மங்கல் கழிந்து, சரிவு மறைந்தது. அடியில் வேறொன்று: மெதுவான ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். அணையவில்லை. உயிரோடு துடிக்கிறது. இதுதான் நிஜம். இந்த அறையில் இதைப் பார்த்தவள் நான் மட்டுமே. படத்தைப் பிரிண்டருக்குக் கொடுத்திருக்கிறேன்.

அட்டெண்டர் வந்திருக்கிறார். “சாரு லேப் சாவிய வாங்கியாரச் சொன்னாருங்க. டேப்பு, ஃப்ளாப்பி எதையும் தொடாம அப்பிடியே வெச்சுப்போட்டு வரோணுமாமுங்க.”

காகிதம் பாதிதான் வெளியே வந்திருக்கிறது. அட்டெண்டர் சாவிக்காக வாசலிலேயே நிற்கிறார்.