நாலு ராஃப்டும் ஒரு கத்தரிக்கோலும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே வீடு, அப்பா, அப்பாவின் முட்டிவலி எல்லாம் அதனதன் இடத்தில் சௌக்கியம். நீயும் உன் கப்பலும் தண்ணீர் மேல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் திறந்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. போனில் சொன்னால் பாதியில் அறுந்துவிடும், பாதிக் கதையைக் கேட்டுவிட்டு நீ கவலைப்படுவாய், அதனால் முழுசாக எழுதி உங்கள் கப்பல் அடுத்துப் போகிற துறைமுகத்து ஏஜெண்டுக்கு அனுப்புகிறேன். காய்கறியோடு இதையும் மேலே ஏற்றித் தருவார்கள்.

விஷயம் எங்கள் பட்டறையில் நடந்தது. கப்பல்களில் இருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற, ஆபத்தில் ஆட்கள் ஏறித் தப்புகிற ரப்பர் ராஃப்டை ஊதி விரித்து, ஓட்டை பார்த்து, உள்ளே இருக்கிற தண்ணீரையும் பிஸ்கட்டையும் தேதி பார்த்து மாற்றி, திரும்ப மடித்துப் பெட்டிக்குள் அடக்கி சீல் வைப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு. எங்கம்மா வீட்டை மடிச்சு டப்பாவுல போடுறா என்று எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம் நீ பீற்றிக்கொண்ட அதே ராஃப்ட்தான். சுவரில் மாட்டிய பலகையும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதில் வரைந்து வைத்திருக்கிறோம், சாயங்காலம் எல்லாம் அதனதன் உருவத்தின் மேல் தொங்கினால்தான் கதவைப் பூட்டுவோம். வியாழக்கிழமை என் கத்தரிக்கோலின் உருவம் மட்டும் வெறுமையாக இருந்தது. அன்று மடித்தது நாலு ராஃப்ட். கத்தரி ஏதோ ஒரு மடிப்புக்குள் மாட்டியிருந்தால், கப்பல் முழுகுகிற நேரத்தில் ராஃப்ட் விரியும்போதே கிழிந்துவிடும். பட்டறையில் இருந்த மூன்றையும் பிரித்தோம், இல்லை. நாலாவது மத்தியானமே ஒரு சரக்குக் கப்பலுக்குப் போய்விட்டது, அது மறுநாள் காலையில் கிளம்புகிறது. முதலாளி, நாளைக்குப் புதுக் கத்தரி வாங்கித் தரேன், விடுங்கம்மா என்றார். புதுசு எனக்கெதுக்கு சார், பழசு எங்கன்னு தெரியணும், ராஃப்ட் சரியா இருக்குன்னு கொடுத்த சீட்டுல இருக்கறது என் கையெழுத்து என்றேன். அவர் கப்பலுக்குப் போன் போடும்வரை நான் அவர் மேஜையை விட்டு நகரவில்லை. அந்தக் காப்டன் நல்ல மனுஷர், இறக்கிக்கோங்க, பார்த்துட்டுக் கொடுங்க என்றாராம். வெள்ளிக்கிழமை அரை நாள் அந்தக் கப்பல் எனக்காக நின்றது. பிரித்தோம். அதிலும் இல்லை.

முதலாளி என்னைப் பார்க்கவே இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். என்னோடு எதிர்ப்பக்கம் நின்று மடிக்கிறவள், ஓட்டைக்கு ஒட்டுப் போடுவதால் பசைக்காரி என்போமே, அவளைப் பார்த்து, நீதானே கடைசியா தொட்டே என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் தன் பையை எடுத்து மேஜையில் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சீப்பும் மாத்திரை அட்டையும் விழுந்தன. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் அப்பா என் சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தார், பக்கத்து ஜிப்பில் கத்தரிக்கோல். அதன் கயிறு நைந்திருந்தது, வீட்டில் புதுக் கயிறு தைக்கலாம் என்று வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நானே செருகினது. சுத்தமாக மறந்துபோனேன். நாலு ராஃப்டைப் பிரித்த மகராசி தன் பையைப் பிரிக்கவில்லை பார். வெள்ளிக்கிழமை முழுக்க அது என் தோளிலேயே தொங்கியிருக்கிறது! நீ சிரிப்பாய், சிரி. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்பா, காணாமப் போனது காணாமப் போனதாவே இருக்கட்டும், உன் மானமும் தப்பும் வேலையும் தப்பும் என்கிறார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பசைக்காரி தலையில் அந்தப் பழி காலம் முழுக்கத் தொங்கும். அதனால் முடிவு பண்ணிவிட்டேன். நாளைக் காலையில் நேராக அவள் மேஜைக்குப் போய், எல்லார் முன்னாலும் கேட்ட வாயால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பேன். அப்புறம் கத்தரியைப் பலகையில் மாட்டிவிட்டு முதலாளியிடம் போவேன். மடிப்பு வேலையை விட்டுத் தூக்கிக் கூட்டிப் பெருக்கச் சொன்னால் பெருக்குவேன். அடுத்த தடவை ஒரு உருவம் வெறுமையாக இருந்தாலும், முதலில் என் பையைக் கவிழ்த்துவிட்டு, மறுபடி நாலையும் பிரிக்கச் சொல்வேன். இதில் மாற்றமில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, சமையல்காரரோடு மல்லுக்கு நிற்காதே, மழையில் ஏணியில் இறங்கும்போது போனைப் பார்க்காதே. நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. தேர்ட் ஆபீசர் ஆகிவிட்டாய், ராஃப்டுக்கெல்லாம் இப்போது நீதான் பொறுப்பு, மறக்காமல் பெட்டி மேல் இருக்கிற தேதியைப் பார். உன் ராஃப்டை மடித்தவள் எந்த ஊரோ, யார் பெற்ற பெண்ணோ, எனக்குத் தெரியாது. அவளுடைய பலகையில் ஒரு இடம் வெறுமையாக இருந்தால், அவள் வெட்கத்தைப் பார்க்காமல் கப்பலை நிறுத்துகிறவளாக இருக்க வேண்டும் கண்ணு. அதை நினைத்துக்கொண்டுதான் நாளைக்குப் பட்டறைப் படி ஏறப் போகிறேன்.

என்றும் உன் நினைப்பில்,
கத்தரியைத் தோளில் மாட்டிக்கொண்டு கப்பலை நிறுத்திய
உன் அம்மா