நடு ரூமுக்கு ரெண்டாவது கோட்டிங்

ஜோஷ்வா அப்பாவுக்கு,

நானும் ஜோஷ்வாவும் அச்சரப்பாக்கம் அம்மா வூட்டுக்குப் போறோம். நாளைக்கு வந்துடுவோம். கருவாட்டுக் குழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சிக்குங்க.

நடு ரூமுக்கு ரெண்டாவது கோட்டிங் காலையிலதான் முடிச்சேன். கடல்காத்துல காய லேட்டாகும். தொட்டுப் பாக்காதீங்க. ஃபேன் போடாதீங்க, தூசி ஒட்டிக்கும்.

"நீ அடிச்சா சொவுரு திட்டுத்திட்டாத்தான் நிக்கும், பெயிண்டரைக் கூப்புடு"ன்னு சொல்லிட்டு மூணு நாளா அந்த ரூம் பக்கமே வரலையே, அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல. சொவுத்துப் பள்ளத்துக்கெல்லாம் பட்டி வெச்சி, உப்புத்தாள்ல தேச்சி, ப்ரைமர் அடிச்சி, அப்புறம்தான் கலர் எடுத்தேன். நம்பலைன்னா டார்ச்சை சொவுத்தோரமா புடிச்சிப் பாருங்க. மேடு பள்ளம் இருந்தா நிழல் விழும். ஒண்ணும் விழாது.

மத்தியானம் பக்கத்து வூட்டு வாசுதேவன் சார் வந்து பாத்துட்டு, "இவ்ளோ நைஸா அடிச்சிக்கிறாரே, யாரும்மா பெயிண்டர்? நம்பர் குடு"ன்னாரு. உங்க செல் நம்பரைக் குடுத்துட்டேன். சாயங்காலம் ஃபோன் பண்ணுவாரு. பெயிண்டர் யாருன்னு உங்க வாயாலயே சொல்லுங்க.

ரெஜினா

பெயிண்டர் ஞாயித்துக்கிழமைதான் வருவாங்கன்னு சொல்லுங்க. பட்டி தேய்க்கக் கூட ஒரு ஆள் வருவாருன்னும் சொல்லிடுங்க. அது நீங்கதான்.