பதினாறில் முதல் பாதம்

1534 ஏப்ரல் 27, திங்கள்
ரைன் ஆற்றுப் படகிலிருந்து நில அளவைக்காரர் இறங்கிவிட்டார். ஊர்ப் புல்வெளியை ஆலைப் பக்கத்திலிருந்து தொடங்கி, வீட்டுக்கு மூன்று கோல் அகலமாகப் பிரிக்கப் போகிறார். சீட்டுக் குலுக்கியாயிற்று. பீப்பாய் செய்யும் வெண்டலுக்கு முதல் பங்கு; எனக்குக் கடைசி, ஓடைக்கரை. முட்டைக்கோஸ் போட இந்தப் பேரரசிலேயே அதைவிட நல்ல மண் கிடையாது.

கோல்தான் இன்னும் பிறக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து தேவாலயத்தை விட்டு வெளியே வரும் முதல் பதினாறு ஆண்கள், நெட்டையோ குட்டையோ, இடது காலைச் சப்பாத்தோடு ஒன்றன்பின் ஒன்றாக வைக்க வேண்டும். அந்த நீளம் ஊர்க்கோல். அதில் பதினாறில் ஒன்று அடி.

ஏப்ரல் 29
மதுக்கடையில் வெண்டலின் காலைப் பற்றியே பேச்சு. அளவைக்காரரே குனிந்து பார்த்து, "இதுதான்யா காலு" என்றாராம். நோவா பார்த்திருந்தால் பேழை கட்டும் சிரமம் மிச்சமாகியிருக்கும். வெண்டல் என் பக்கம் திரும்பி, "தையக்காரரே, உம்ம காலை ஊசிமுனையாலதான் அளக்கணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் என் காலை அளந்து பார்த்தேன்.

மே 1
தூக்கமில்லை. துணி அளக்கும் முழம் ஏதோ ஒரு பிரபுவின் கையாம். ஆள் மண்ணோடு மண்ணாகியும் தினம் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதானே தைக்கிறேன்? இனி வெண்டலின் காலையும் பிடிக்க வேண்டுமா? என் காலுக்கு என்ன குறை—

மே 2
பழைய சப்பாத்தைப் பிரித்து நாலு விரல் நீட்டித் தைத்து, அதன் மூக்கில் ஆட்டுரோமம் அடைத்தேன். அக்காள் மகள் பார்பெல் பார்த்துவிட்டாள்.
"மாமா, இது சப்பாத்தா, தொட்டிலா?"
"சூப்பைக் கிண்டு."
"அந்தாளு நிம்மதியா தூங்குறாரு. நீங்க அவரு காலுக்குக் காவலிருக்கீங்க."

மே 3, ஞாயிறு
பூசையில் எப்போதும் முன்னால் நிற்கிறவன், இன்று வாசலோடு ஒட்டி நின்றேன். ஆமென் முடிந்ததும் பாய்ந்தேன். பீரங்கிக் குண்டுகூட ஒதுங்கி வழிவிட்டிருக்கும். முதல் பாதம் என்னுடையது. பின்னாலேயே வெண்டல்.
"ராத்திரியோட ராத்திரியா வளந்துட்டீரே?"
"சாமி குடுத்தது."
அவன் காலைவிட ஒரு கட்டைவிரல் நீளம். எந்த அரசனும் முடிசூட்டிய அன்று இப்படிப் பூரித்திருக்க மாட்டான்.

மே 6
அளந்தார்கள். கோலுக்குக் கோல் என் நாலு விரலும் சேர்ந்துகொண்டே வந்தது. நாற்பது வீட்டுக்கும் அள்ளிக் கொடுத்தேன், பெரிய பிரபு மாதிரி. என் பங்கில் முதல் கோல் கரையில். மற்ற இரண்டும் ஓடைக்குள்.
"எனக்கு ஒரு சாண் கூடியிருக்கு, உமக்கு மீனு வந்திருக்கு" என்றான் வெண்டல்.
அளவைக்காரர் என் சப்பாத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கோலுல சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லும். வர்ற ஞாயிறு மறுபடியும் பதினாறு பேரை வச்சு எடுத்துரலாம்."
மறுபடியும் பதினாறு பேர். அதில் வெண்டல் இருப்பான், நான்?
"கோல் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

மே 12
கோலை இரும்பில் அடித்து தேவாலயச் சுவரில் பதித்துவிட்டார்கள். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். குளிர்காலத்து முட்டைக்கோசுக்கு வெண்டலிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டாளாம் பார்பெல்.