கை காட்டியும் நிற்காத கப்பல்

உயிருக்கு உயிரான என் இபுறாஹிம் காக்காவுக்கு,

அண்ணனாக நீங்கள் இல்லாமல் மூன்று வருஷம் ஓடிவிட்டது. நான் ஜொகூர் பாருவில் அதே வக்கீல் ஆபீசில்தான் குமாஸ்தாவாக இருக்கிறேன். இந்த வெயில் மாதங்களில் வக்கீல் துரை என்னைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். ஆறு வாரம், காலை முதல் மாலை வரை கடல் சட்டப் பாடம்.

மூன்றாம் வாரம் ஆசிரியர் ஒரு விதியை வாசித்தார். கடலில் உயிருக்குத் தவிப்பவரைக் கண்டால், தன் கப்பலுக்கு ஆபத்தில்லாத வரை, கப்பல் தலைவன் காப்பாற்றியே ஆகவேண்டும். எதிரி நாட்டானாக இருந்தாலும் சரி. அதற்குமேல் என்னால் பாடக் குறிப்பு எழுத முடியவில்லை, காக்கா.

மெர்சிங் கடலில் உங்கள் சரக்குப் படகான தொங்கான் கவிழ்ந்தபோது பிழைத்த ஒரே ஆள் படகோட்டி அவாங். அந்த வாரமே நம் வீடு தேடி வந்து சொன்னார். காற்று அடங்கிய பிறகு, பட்டப்பகலில், ஒரு நீராவிக் கப்பல் பக்கத்தில் வந்ததாம். நீங்கள் சட்டையைக் கழற்றி ஆட்டினீர்களாம். மேல்தட்டில் ஆட்கள் நின்று பார்த்தார்களாம். கப்பல் நிற்கவில்லை. அதன் பெயரைக்கூட அவர் படித்திருந்தார்.

உங்கள் மனைவி, என் மச்சி, அழுகையோடு கேட்டார்கள்: "தம்பி, நீங்க வக்கீல் ஆபீஸ்ல இருக்கீங்க. ஒரு மனு எழுதுங்களேன்."

"கடல்ல ஏது மச்சி சட்டம்? யார்கிட்ட போய்க் கேக்கிறது?" என்றேன். அவாங்குக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போது ஆசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றே புகார் கொடுத்திருந்தால் விசாரணை நடந்திருக்கும், இனி கெடு தாண்டிவிட்டது என்றார்.

வீடு திரும்பி மச்சியிடம் மறைக்காமல் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தார்கள்.

"அப்ப, கேக்க வழி இருந்துச்சா?"

"இருந்துச்சு மச்சி."

"நீங்க இல்லைன்னீங்க."

தெரியாது என்று சொல்லியிருக்கலாமே நான்? அந்த ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

நாளை மெர்சிங் போகிறேன். அவாங் அங்கேதான் இருக்கிறாராம். மச்சியும் வருகிறார்கள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவாங் சொல்வதை எழுதி, துறைமுக அதிகாரியிடம் கொடுப்பேன். வாங்க மாட்டார்கள் என்கிறார் துரை. வாங்கும்வரை கொடுப்பேன். நீங்கள் விபத்தில் இறந்தீர்கள் என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன், காக்கா.

கேட்க வேண்டிய நாளில் கேட்காத
உங்கள் தம்பி,
காதர்