நடக்காத செலவுக்குக் கணக்கு

மார்ச் 9, திங்கள்

விடியலிலிருந்து மழை. குடை ஆபீசில், நான் பஸ் ஸ்டாப்பில். சுவா சூ காங்கிலிருந்து விமானம் பழுது பார்க்கும் ஹேங்கர் வரை ஈரச் செருப்போடு.

வியாழனன்று நிதிப் பிரிவுக்கு விளக்கம். அடுத்த வருஷம் என் வகுப்பு இருக்குமா இல்லையா என்பது அதில்தான். விமானம் பழுது பார்ப்பவர்களுக்கான வகுப்பு. தூக்கக் கலக்கம், அவசரம், ஷிப்ட் மாறும்போது பாதி சொல்லிப் பாதி விடுவது, இதனாலெல்லாம் கை எப்படித் தவறும் என்று. கூடவே ஒரு வாக்குறுதி: தவறைத் தானாக வந்து சொன்னால் பெயர் வெளியே போகாது. எனக்கு மட்டும் தெரியும்.

நிதித் தலைவி மிஸ் டானிடமிருந்து ஒரே வரி மின்னஞ்சல். இதனால் எவ்வளவு மிச்சம்?

நடக்காத செலவுக்கு ரசீது ஏது, தாயே. (அனுப்பவில்லை.)

கேண்டீனில் குணா. எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரிலிருந்து தினம் வந்து போகும் மெக்கானிக், இரவு ஷிப்ட். அவன் முடிக்கும் நேரம் நான் தொடங்குகிறேன். ஒரே மேசை, நாசி லெமாக்: தேங்காய்ப்பால் சோறு, ஓரத்தில் மிளகாய்ச் சம்பல். “சம்பல ஒதுக்கி வெக்காதீங்க லா கா. அதுக்குத்தான் காசு.” வேலை தவிர்த்து நான் யாரிடமாவது பேசுவது அந்த அரை மணிதான்.

மார்ச் 10, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

பயிற்சிச் செலவு கையில் இருக்கிறது. வரவுப் பக்கம் காலி. எத்தனை படம் போட்டாலும் உயிரில்லை.

வீட்டுக்காரம்மா: “பிரிட்ஜ்ல உங்க தட்டுல எங்க தயிர வெச்சிருக்கேன், பரவால்லதானே?” பரவாயில்லை. வாடகை அறையில் இருப்பவளுக்கு எல்லாமே பரவாயில்லை.

குளிக்கும்போது நினைவு வந்தது, குணாவின் விஷயம். போன மாதம் ஷிப்ட் முடிந்து பாலம் தாண்ட உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட் பாஸ்போர்ட் வரிசையில் நிற்கிறான். எஞ்சினில் ஆயில் ஊற்றிய பிறகு மூடியைப் பூட்டினோமா என்று திடீரென்று சந்தேகம். எனக்குப் போன். “அக்கா, தலை சுத்துது கா. பூட்டுன ஞாபகமே இல்ல.” யார் சொன்னது என்று சொல்லாமல், ஹேங்கரில் இருந்தவர்களைப் பார்க்கச் சொன்னேன். கிளம்ப இருந்த விமானத்தை நிறுத்தினார்கள். மூடி பூட்டியிருக்கவில்லை.

தாமதத்துக்கு ஆன செலவு கொஞ்சம். பறந்திருந்தால்? ஆயில் கசிந்து நடுவானில் எஞ்சினை அணைத்தல், திரும்பி வருதல், பயணிகளுக்கு ஹோட்டல், புது எஞ்சின். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். வரவுப் பக்கம் நிரம்பிவிட்டது!

மார்ச் 11, புதன்

குணாவுக்கு லீவு. கேண்டீனில் தனியாக. சம்பலைத் தொடவில்லை.

அவனைக் கேட்டுவிட்டுப் போடலாம். போனை எடுத்தேன். தூங்கட்டும் என்று வைத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும்தான். பெயரை எடுத்துவிட்டேன், தேதியையும் எடுத்துவிட்டேன். செக்பாயிண்ட் வரிசையை மட்டும் விட்டுவைத்தேன். அது இருந்தால்தான் கதை நிற்கிறது.

வாங்க: ஷாம்பூ, முட்டை. நீலச் சேலை இஸ்திரி.

மார்ச் 12, வியாழன்

பாஸ்!

செக்பாயிண்ட் வரிசை வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. ஹேங்கர் மேலாளரும் சிரித்தார். மிஸ் டான் ஆங்கிலத்தில், “அந்த ஆளுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்” என்றார். வகுப்பு தொடரலாம், உதவிக்கு இன்னொருவரையும் எடுத்துக்கொள்ளலாம்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். நெய் ரோஸ்ட், பில்டர் காபி, எதிர் நாற்காலியில் என் கைப்பை. மதுரைக்குப் போன் போட்டேன். அண்ணன்: “அப்படியா, நல்லது. சாப்டியா?” சாப்பிட்டேன். அவ்வளவுதான் பேச்சு.

பூ வாங்கி வைத்துக்கொண்டேன். ரயிலில் இரண்டு ஸ்டேஷனுக்குச் சந்தோஷம்.

மார்ச் 13, வெள்ளி

மேசைக்குக் குணா வரவில்லை.

பேன்ட்ரியில் இரண்டு பேர் தமிழில். “ஆயில் மூடி போறான் பாரு.” “பாவம் லா, விடுடா.”

மேலாளரிடம் ஓடினேன். அந்த இரவு எஞ்சினில் இருந்தவர்களில் பாலம் தாண்டுகிறவன் ஒருவன்தானாம். கண்டுபிடிக்க அவருக்கு நிமிஷம்கூட ஆகவில்லை. தண்டனை இல்லை என்கிறார். இனி எஞ்சின் கிடையாது, பயணிகள் இருக்கை வேலை, “கொஞ்ச நாளைக்கு”. வாக்குறுதி கொடுத்திருக்கிறோம் என்றேன். “நீங்கள்தானே சொன்னீர்கள்” என்றார்.

மார்ச் 14, சனி

மூன்று முறை போன். எடுக்கவில்லை. துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

மந்தாரம். ஹேங்கர் வாசல் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து பிடித்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “விடுங்க கா, கிளாஸ் நிக்கக் கூடாதுல்ல” என்றான். மேலாளரிடம் மறுபடி பேசுகிறேன், எஞ்சின் வேலை திரும்பக் கிடைக்கும் என்றேன். தலையாட்டினான்.

பஸ் வந்தது. ஒரு கால் படியில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

“ஒண்ணு சொல்றேன் கா. அடுத்த வாட்டி சந்தேகம் வந்தா நான் கூப்புட மாட்டேன். அப்படியே பாலத்தத் தாண்டிப் போயிருவேன். அதையும் உங்க கணக்குல சேத்துக்குங்க.”

சரி என்றேன். வாயில் அதுதான் வந்தது.