பூட்டிக் கிடந்த லிஃப்ட்

என் வீட்டு மகாராணிக்கு,

இங்கே நான் சுகம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா? என் வணக்கத்தைச் சொல்.

நான் லிஃப்ட் பழுது பார்க்கும் கல்லூரியிலேயே மாலை வகுப்பில் வரலாறு படிக்கச் சேர்ந்தது, ஏசி அறையில் தூங்கத்தான் என்பது உனக்குத் தெரியும். பாடமும் தாலாட்டு மாதிரிதான் இருந்தது. நின்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

போன வாரம் பேராசிரியர், வெள்ளம் வந்த வருஷம் இந்தக் கட்டடம் மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது என்றார். எனக்குத் தூக்கம் கலைந்தது. அந்த வருஷத்து லிஃப்ட் பழுதுகளைக் குறித்துவைத்த புத்தகத்தை நான் புரட்டியிருக்கிறேனே.

“பூட்டிக் கிடந்த லிஃப்ட் அந்த மூணு மாசத்துல எப்படி சார் ரெண்டு தடவை பழுதாகும்?”

வகுப்பே சிரித்தது. மறுநாள் புத்தகத்தை நீட்டினேன். தேதி, கையெழுத்து எல்லாம் இருந்தன. அவர் இரண்டு முறை படித்தார்.

“இத்தனை வருஷமா தப்பாச் சொல்லிட்டேன். மிச்சத்தை நீங்களே சொல்லுங்க” என்று சாக்பீஸை என்னிடம் கொடுத்தார். கிரீஸ் சட்டையோடு கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். இனி வகுப்பில் தூங்குவதாக இல்லை.

என் பழைய கண்ணாடியை அனுப்பிவை. நாலு வரியானாலும் இனி தேதி போட்டு எழுது. எது முதல், எது கடைசி என்று தெரியாமல் தினமும் உன் கடிதங்கள் அத்தனையையும் படிக்க வேண்டியிருக்கிறது.

லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டு மணி அடிக்கிறார்கள். ஓடுகிறேன்.

உன் கால் மணி நேர வாத்தியார்