இரண்டே கால் சுற்று

3.2.2025, கம்பைநல்லூர்

காலை ஆறு மணிக்குக் கிணற்றில் இறங்கினேன். வட்டக் கிணறு, விட்டம் எட்டு மீட்டர். சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி நீந்தினால் ஒரு சுற்று இருபத்திரண்டு. ஐம்பது மீட்டருக்கு இரண்டே கால் சுற்றும் கொஞ்சமும். அந்த இடத்தில் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன். நில அளவையராக ஓய்வு பெற்றவன், அளவில் சந்தேகமில்லை. மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

போன மாதம் மாநில மூத்தோர் நீச்சலில், எண்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில், தங்கம் வாங்கினேன். உண்மை. அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான் நீந்தினேன். அதுவும் உண்மை. இதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

11.2.2025

பக்கத்துத் தோட்டத்துச் சென்னப்பன் பேருந்து நிறுத்தத்தில் பிளக்ஸ் வைத்துவிட்டான். என் பாஸ்போர்ட் படம். பின்னால் வாயைத் திறந்தபடி ஒரு சுறா.

"சுறா எதுக்குப்பா?"

"நீங்க அடக்கமா இருங்கய்யா. மீதிய அது பாத்துக்கும்."

2.3.2025

கொழும்பில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டேன். என் பிரிவில் இரண்டு பேர். இன்னொருவர் ஜப்பான்காரர், பெயர் மோரி, வயது எண்பத்து மூன்று.

இரண்டு பேர்! ஐயோ, எதுக்கு ஒத்துக்கிட்டேன்? ஆனால் ஒரு தடவையாவது பக்கத்தில் ஒருவர் நீந்த, நேராக நீந்தி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தங்கம் என்னை விடாது.

9.3.2025

மொரப்பூரில் ரயில் ஏறிச் சேலம் போய் நீச்சல் குளத்தில் பழகினேன். பத்து மீட்டருக்குமேல் நேராகப் போக வரவில்லை. வலப்பக்கமாகவே வளைந்து தடம் பிரிக்கும் கயிற்றில் உரசி முழங்கைத் தோல் உரிந்தது. "நேராப் போங்க தாத்தா!" என்று பயிற்சியாளர் கரையிலேயே ஓடிவந்தார். வாழ்நாள் முழுக்கக் கிணற்றை வலமாகவே சுற்றியவன். என் உடம்புக்கு ஐம்பது மீட்டர் என்பது நீளமே அல்ல, வளைவு.

10.3.2025

வளைவை எடுக்க, இடமாகச் சுற்றிப் பார்த்தேன். என் மனைவி பாஞ்சாலி, கேழ்வரகுக் கூழோடு வந்தவள், கத்திவிட்டாள்.

"என்னங்க இது! கன்னிமாரு சாமி இருக்கற கெணத்துல எடமா சுத்தறீங்க? அது சாவு வூட்டு மொறைங்க!"

"நேராப் போகப் பழகணும், பாஞ்சாலி."

"கெணத்துல நேராப் போனா மண்டைதான் ஒடையும். மேல வாங்க."

ஐம்பத்தைந்து வருடத்தில் அவளிடம் வாதம் செய்து நான் வென்றதில்லை. மறுபடி வலம்.

24.4.2025, கொழும்பு

முதல் பத்து மீட்டர் நேர். பிறகு உடம்பு கிணற்றுக்குப் போய்விட்டது. கடைசி வரை வலப்பக்கக் கயிற்றை உரசியபடியே போனேன். அந்தப் பக்கம்தான் மோரி.

அவர் முடித்துவிட்டு எனக்காகத் தண்ணீரிலேயே நின்றிருந்தார். தோல் உரிந்த என் முழங்கையைக் காட்டி ஏதோ கேட்டார். காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டேன். என்ன புரிந்ததோ, அவரும் ஒரு வட்டம் போட்டுத் தலை குனிந்தார்.

அவர் முப்பத்து மூன்று விநாடி முந்தி. நான் வெள்ளி. தோற்றுவிட்டேன் — முறைப்படி, கடிகாரம் வைத்து, ஒரு மனிதரிடம். ஏன் சிரிப்பு நிற்கவில்லை?

29.4.2025

சென்னப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

"தனியா நீந்துனத வெளிய சொல்லாதீங்கய்யா. சுறாவுக்கு அசிங்கம்."

பாஞ்சாலியிடமும் சொன்னேன். "அன்னிக்கே தெரியுமுங்க. மெடலோட நிக்கற போட்டோல ரெண்டாவது படியும் மூணாவது படியும் காலியாத்தான கெடந்துச்சு?"

"ஏன் சொல்லல?"

"நீங்க பாவம், பயந்துகிட்டே சந்தோசமா இருந்தீங்க."

4.5.2025

காலையில் பாஞ்சாலி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றில் இறங்கினாள். நாற்பது வருடத்துக்குப் பிறகு.

"நான் வலமா வரேன், நீங்க எடமாப் போங்க. கன்னிமாருக்குச் சரியாப் போயிரும்."

வலமாக வரும் அவளுக்குப் பழைய கோடு; எனக்கென்று எதிர்ப்பக்கம் அளந்து இன்னொரு சுண்ணாம்புக் கோடு போட்டேன். நான்கு முறை நேருக்கு நேர் சந்தித்தோம். நான்கு முறையும் "தள்ளிப் போங்க" என்றாள்.

அவள் தன் கோட்டை முதலில் தொட்டாள். நான் இரண்டாவது.